தரையில் வைத்த அரிவாள்

29 ஜனவரி 1962

இந்த டைரி உரக் கம்பெனிக்காரர் முதலாளிக்குக் கொடுத்தது. 1960ஆம் ஆண்டுடையது. ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் கொட்டகையில் கிடந்தது. கேட்டேன், கொடுத்துவிட்டார். கேட்டேன் என்றா எழுதினேன்? கண்மணிதான் கேட்டாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

அச்சடித்த கிழமை எதுவும் பொருந்தாது. தேதியை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

சீனப் பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம். நர்சரியிலிருந்து எலுமிச்சைத் தொட்டிகள் லாரி லாரியாகப் போகின்றன. சிராங்கூன் ரோட்டில் ஐந்தாவது மைலில், ஐந்தாங்கட்டையில், இறங்கும் வரை பஸ்ஸில் கண்மணியும் நானும் தூங்கிக்கொண்டே வந்தோம். அவளுக்கும் எனக்கும் பதினாறு வயது. இரண்டு பேரும் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். அவள் படிக்கப் பிடிக்காமல் நின்றாள். நான் அம்மாவுக்கு முடியாமல் போனதால் நின்றேன்.

31 ஜனவரி

அரிவாளும் மண்வெட்டியுமாக இன்று நாற்பத்தொரு ஆயுதங்கள். எல்லாம் கழுவி மாட்டும்போது ஏழு மணி.

2 பிப்ரவரி

இந்த நர்சரியில் என் வேலை என்னவென்று அத்தை கேட்டார். அம்மா "களை எடுக்குறா" என்று சொல்லிவிட்டார். அது பாதிதான். மாலையில் எல்லாருடைய அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து, கத்தரிக்கோல் அனைத்தையும் வாங்கி வைப்பது நான். கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. தேங்காய் நாரால் மண்ணைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஈரம் போகத் துடைக்கவேண்டும். பிறகு எண்ணெய் ஊற்றிய மணல் வாளியில் இரும்பை நான்கு முறை குத்தி எடுத்தால் மறுநாள் துரு வராது. பிடி ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆடினால் அதைத் தனியாக வைத்துவிடுவேன், முதலாளியே கேட்டாலும் கொடுப்பதில்லை.

யாரோடும் பேச வேண்டாத வேலை. அதனால்தான் பிடிக்கிறது.

கூரானதை எல்லாரும் என் காலடியில் வைப்பார்கள். நான் குனிந்து எடுப்பேன். கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், கண்மணி வீட்டிலும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மாதா கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் வித்தியாசம் இல்லை.

11 பிப்ரவரி

பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் கண்மணி நிற்கிறாள். முதலாளி அவளுக்கென்று ஒரு செடிக் கத்தரிக்கோல் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். நான் வந்து தேர்ந்தெடுக்க வேண்டுமாம். சுங்கை ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜலாலுதீன் பாயிடம் போனோம்.

நான் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தேன். மூடும்போது இரண்டு அலகும் கடைசி வரை உரசிப் போகவேண்டும், நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. கண்மணியின் கை சின்னது. பெரிய கத்தரிக்கோல் என்றால் விரல் எட்டாது, பாதியில் வழுக்கும். எட்டாவதுதான் சரியாக இருந்தது. பாய் சிரித்தார்.

"கல்யாணத்துக்கு நகை எடுக்குற மாதிரில்ல பாக்குது இந்தப் புள்ள. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசாது போல."

"அவ பேசுவா பாய். எனக்கு மட்டும்தான் கேக்கும்," என்றாள் கண்மணி.

அவர் கத்தரிக்கோலின் பிடி அவள் பக்கம் வரும்படி நீட்டினார். கண்மணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு கீழே வைக்கச் சொன்னாள். அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும். கையில் இருக்கிற கத்தியைவிடத் தரையில் கிடக்கிற கத்திக்குத்தான் தான் பயப்படுவதாகச் சொல்லிக்கொண்டே, சாமான் பரப்பியிருந்த கோரைப்பாயில் வைத்தார்.

திரும்பும்போது தேக்காவில் ஆளுக்கொரு தோசை. கத்தரிக்கோலின் பிடியில் நீல நூல் சுற்றிக்கொடுத்தேன். அடையாளத்துக்குத்தான். எங்களோடு வேலை செய்யும் பூவம்மாக்கா அரிவாளுக்குச் சிவப்புத் துணி, எனக்கு ஒன்றும் சுற்றாதது, அவளுக்கு நீலம்.

20 பிப்ரவரி

கண்மணியின் கால். எழுத முடியவில்லை.

22 பிப்ரவரி

உள்ளங்கால். குதிகாலுக்குச் சற்று முன்னால். ஒன்பது தையல் போட்டார்களாம்.

என்ன நடந்தது என்று இங்கேயாவது எழுதவேண்டும்.

சாயங்காலம் லாரி வந்து மண் கொட்டிக்கொண்டிருந்தது. வேலியோரம் கண்மணி காகிதப்பூக் கிளைகளை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கிளையைப் பிடித்திருந்தாள். "யாராச்சும் ஒரு அரிவாள் கொண்டாங்க" என்று திரும்பாமலே கத்தினாள். என்னுடையது சாணைக்குப் போயிருந்தது. தூணில் பூவம்மாக்காவின் அரிவாள் மாட்டியிருந்தது. அவர் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு போனேன்.

கையில் கொடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் புல்லில் வைத்தேன். "வச்சிருக்கேன்" என்று சொன்னேன். சொன்னேன்தான். லாரிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். தோளைத் தொட்டிருக்கலாம். எனக்கென்ன வாயில்லையா? நான் பாட்டுக்குத் திரும்பி நடந்துட்டேன்.

பத்து அடிகூட வந்திருக்கமாட்டேன். அவள் பின்னால் ஓரடி வைத்தாள். வெறுங்கால். சேற்றில் சிலிப்பர் ஒட்டும் என்று நாங்கள் யாரும் போடுவதில்லை.

சண்டை வரக்கூடாது என்றுதானே வைத்தேன்.

23 பிப்ரவரி

பிடியில் சிவப்புத் துணி. அதனால் எல்லாரும் பூவம்மாக்காவைச் சொல்கிறார்கள். முதலாளி சுந்தரம் கத்துகிற ஆள் இல்லை. "இனிமே நீ கூரானது எதையும் தொடாதே பூவம்மா" என்று மட்டும் சொன்னார். நாளை முதல் அவர் சாணிக் கூடை சுமக்கவேண்டும். பதினெட்டு வருடம் அரிவாள் பிடித்தவர்.

நான் அங்கேயே நின்றேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பிறகு மூடிக்கொண்டேன்.

26 பிப்ரவரி

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று முதலாளி கொட்டகைச் சுவரில் ஒரு பலகையை மாட்டி, சாக்கட்டியை என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கூரான எதையும் தரையில் வைக்காதே. ஒன்று மாட்டு, இல்லை கையில் கொடு. கொடுக்கும்போது பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்கட்டும். வாங்குகிறவர் "பிடிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகு விடு. செருப்பில்லாமல் வேலைக்கு வராதே.

முதல் வரியை எழுதும்போது சாக்கட்டி இரண்டு முறை உடைந்தது. கையில் கொடு என்பதற்கு ஆட்கள் முணுமுணுத்தார்கள். சண்டைக்கு நான் பொறுப்பு, காலுக்கு நீங்கள் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு பூவம்மாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"தூணுல மாட்டினேன்னுதான் நெனச்சேன். கீழ போட்டுட்டுப் போயிருப்பேன் போல. எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிச்சு. அடுப்ப அணைச்சேன்னு சொல்லும், எரிஞ்சுகிட்டு இருக்கும்."

மாட்டித்தான் இருந்தது அக்கா. மாட்டித்தான் இருந்தது.

இங்கே எழுதுகிறேன். அங்கே சொல்லவில்லை.

1 மார்ச்

பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அவள் இடம். நான் உட்காரவில்லை. ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்துகொண்டார்.

4 மார்ச்

கண்மணியின் அப்பா தனசேகரன் நர்சரிக்கு வந்தார். காயம் சீழ் வைத்துவிட்டதாம். மறுபடியும் பிரித்துக் கட்டியிருக்கிறார்களாம். இன்னொரு செய்தியும் சொன்னார். அவர்களுக்கு குவீன்ஸ்டவுனில் பிளாட் கிடைத்துவிட்டது. இந்த மாதமே போகிறார்கள். ஐந்தாவது மாடி. குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

போகும்போது என்னைப் பார்த்து, "ஒரு தடவ வந்து பாக்கலயே பிலோமி. தினம் கேக்குறா" என்றார்.

தினம் கேட்கிறாள்.

7 மார்ச்

விபூதி புதன். நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். போன வருடம் இதே நாள் கண்மணி என்னைக் கைபிடித்து எல்லாரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். "பாருங்க, இன்னைக்கு ஒரு நாள் பிலோமி எங்காளு" என்றாள். அன்றைக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

இந்த வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியமே வியர்வையில் அழிந்துவிட்டது.

15 மார்ச்

நீல நூல் கத்தரிக்கோலை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் தினமும் எண்ணெய் போடுகிறேன். நேற்று போட்ட எண்ணெய் அப்படியே இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி போடுகிறேன். திறந்து மூடிப் பார்க்கிறேன். வெளிச்சம் தெரியவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஆணியில் மாட்டுகிறேன்.

வேலைக்கு இது தேவையில்லை என்று தெரியும்.

21 மார்ச்

அவர்கள் வீடு காலியாகிவிட்டது. கெர்போ ரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கதவு. இன்று கதவு திறந்திருந்தது. உள்ளே வேறு யாரோ வெள்ளையடிக்கிறார்கள். இத்தனை நாளும் நான்கு கதவு தள்ளித்தான் படுத்திருந்தாள். மருந்து வாசனை ரோடு வரை வரும். கடந்து போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பேன்.

நான்கு கதவு நடக்க முடியாதவள் குவீன்ஸ்டவுனுக்கு எப்படிப் போவாள்?

2 ஏப்ரல்

அவள் என்ன பேசுவாள் என்று நானே நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். முதலாளி புதுத் தொப்பி போட்டு வந்தார். அவள் இருந்திருந்தால் அதற்கு ஒரு பேர் வைத்திருப்பாள். என்ன பேர் என்று யோசித்தேன். எனக்கு வரவில்லை.

10 ஏப்ரல்

பூவம்மாக்கா இப்போது எதைச் செய்தாலும் இரண்டு முறை பார்க்கிறார். குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி மூடுகிறார். சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைத்தோம் என்று என்னிடம் கேட்டு வைத்துக்கொள்கிறார். "நீ ஞாபகம் வச்சுக்க பிலோமி, என்னை நம்பமுடியாது."

அவருக்கு ஒன்றுமே இல்லை. அவருக்கு வியாதி வரவைத்தது நான்.

18 ஏப்ரல்

பெரிய வாரம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வலைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது. அங்கே எனக்குப் பேச்சு வரும். முழுவதும் சொன்னேன். அரிவாள், புல், சிவப்புத் துணி, பூவம்மாக்கா, நான்கு கதவு. சாமியார் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் மன்னிப்புக் கிடைத்துவிடும், எழுந்து போகலாம் என்று இருந்தேன்.

"எங்கிட்ட நீ சொல்லிட்டேம்மா. காயம் எனக்குப் படலையே," என்றார்.

அவ்வளவுதான். பிறகு மற்றது எப்போதும் போல.

20 ஏப்ரல்

பெரிய வெள்ளி. எதுவும் சாப்பிடவில்லை. பயத்தில் பசி இல்லை என்பதால் இது நோன்பாகுமா தெரியவில்லை.

23 ஏப்ரல்

சொல்லிவிட்டேன்.

காலையில் எல்லாருக்கும் ஆயுதம் கொடுக்கிற நேரம். முதலாளி இருந்தார். பூவம்மாக்கா கூடையோடு நின்றார். நான் சாவியை மேசைமேல் வைத்தேன். "அந்த அரிவாள கீழ வச்சது நான்" என்றேன். யாரும் திரும்பவில்லை. என் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். மறுபடி சொன்னேன். அப்படிச் சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. தண்ணீர்த் தொட்டியில் இருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். சாவியை எடுத்துக்கொண்டார்.

பூவம்மாக்கா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அரிவாள் எங்கேருந்து எடுத்தே?"

"தூணுலேருந்து."

"மாட்டியிருந்துச்சா?"

"மாட்டியிருந்துச்சுக்கா."

"அப்ப நான் மாட்டினது மாட்டினதுதான்," என்றார். இன்னொரு தரம் சொன்னார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. எனக்கு இனிமேல் வெறுங்கையால் களை பிடுங்குகிற வேலை.

வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் கொட்டகையின் எண்ணெய் வாசனை. ஆனால் இன்று பூவம்மாக்கா குழாயை ஒருமுறைதான் மூடினார். பார்த்தேன்.

27 ஏப்ரல்

நீல நூல் கத்தரிக்கோலுக்கு இப்போது யார் எண்ணெய் போடுகிறார்கள்? எட்டிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

6 மே

குவீன்ஸ்டவுன் போய் வந்தேன்.

இரண்டு பஸ். கண்டக்டரிடம் நானே கேட்டேன். இரண்டாவது பஸ்ஸில் இரண்டு முறை கேட்கவேண்டியிருந்தது, "பலமா பேசும்மா" என்றார். மடியில் பால் டின்னில் ஒரு மல்லிகைக் கன்று. போன மாதம் நான் பதியம் போட்டு வேர் பிடித்தது. எல்லா பிளாட்டும் ஒரே மாதிரி. ஐந்தாவது மாடியில் மூன்று கதவைத் தட்டிய பிறகுதான் அவர்கள் கதவு வந்தது.

கண்மணி இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா? ஏன்டி இத்தன நாளு? இங்க பேச ஆளே இல்ல. கீழ பாத்தா தல சுத்துது" என்று மூச்சு விடாமல் பேசினாள். காலைத் தூக்கிக் காட்டினாள். தழும்பு இளஞ்சிவப்பாக, வளைந்து, அரிவாளின் வளைவு அப்படியே இருந்தது. பூவம்மாக்காவைத் திட்டினாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்குக் கை விளங்காமல் போகவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாளாம்.

அப்போது சொன்னேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. நான் விளையாடுகிறேனோ என்று பார்த்தாள். விளையாட எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ வச்சது கூட சரிதான்லா. தெரியாம வச்சே," என்று சொன்னாள். "ரெண்டு மாசம். நாலு வீடு தள்ளி ஒரு மாசம் படுத்திருந்தேன். ஒவ்வொரு தடவ கதவு சத்தம் கேக்கும்போதும் நீன்னு நெனச்சேன்."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகைப் பார்த்துக்கொண்டு. அவளுடைய அம்மா காப்பி கொண்டுவந்தார், குடித்தேன். எழுந்து வரும்போது "போய்ட்டு வரேன்" என்றேன். நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னேன்.

மல்லிகையைத் தாழ்வாரத்தில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.

7 மே

ஒன்றுமில்லை.

13 மே

களை பிடுங்கிப் பிடுங்கி நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கைக்குச் சின்னக் களைக்கொத்து கேட்கலாம். கேட்கவில்லை.

இப்போது அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மறைத்துக்கொண்டிருந்தபோதாவது அவள் தினம் கேட்கிறாள் என்று ஒன்று இருந்தது.

19 மே

பூவம்மாக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்த நீல நூல் கத்தரிக்கோலுக்கு மணல்ல குத்துனா போதுமா, எண்ணெய் தனியா போடணுமா?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய், திருகாணியில் ஒரே ஒரு சொட்டு என்று சொன்னேன். தலையாட்டினார்.

எழும்போது தன் இடுப்பிலிருந்து ஒரு களைக்கொத்தை எடுத்து, பிடியை என் பக்கம் நீட்டினார்.

24 மே

மழை. இரண்டு நாளாக மழை. மல்லிகையைத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே எடுத்து வைத்திருப்பார்களா? தூக்கிப் போட்டிருப்பார்களா?

28 மே

காலை ரோஜாப் பாத்தியில் இருந்தேன். தொப் தொப் என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கண்மணி. அவள் அப்பாவுடைய கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை. உள்ளே துணி திணித்திருக்கிறாள் போல, ஒரு கால் நேராகவும் ஒரு கால் சாய்ந்தும் வந்தது. ஆட்கள் சிரித்தார்கள். ராணுவம் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார். அவளும் சலாம் வைத்தாள்.

முதலில் பூவம்மாக்காவிடம்தான் போனாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. நீண்ட நேரம் பேசினார்கள். பிறகு என் பாத்திக்கு வந்து நின்றாள். நான் எழவில்லை. பூட்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் மல்லிகை தளிர் விட்டு எங்கேயோ போகுது," என்றாள். "நுனி வெட்டணுமா வேணாமா?"

"வெட்டணும். அப்பத்தான் கிளைக்கும்."

"அப்ப என் கத்தரிக்கோல எடுத்துக் குடு."

பூவம்மாக்கா கொட்டகையைத் திறந்துவிட்டார். ஐந்து வாரம் கழித்து உள்ளே போனேன். அதே ஆணியில் மாட்டியிருந்தது. நீல நூலில் அழுக்கு இல்லை, திருகாணியில் எண்ணெய் மினுங்கியது. எடுத்து மூடி, அலகு திறக்காதபடி அதன் கொக்கியை மாட்டிக்கொண்டு வந்தேன். அவள் முன்னால் வந்ததும் என் முழங்கால் தானாக மடங்கியது. கை தரைக்குப் போய்விட்டது.

"கீழ வைக்காதே."

"சண்டை வரும்," என்றேன்.

"வரட்டும்லா. இன்னும் உம்மேல கோவம் இருக்கு. சண்ட போடணும். அதுக்கு நீ எதிர்ல இருக்கணும்ல?"

கையை நீட்டினாள். விரல்கள் மெலிந்திருந்தன. அலகை நான் பிடித்துக்கொண்டு பிடியை அவள் பக்கம் திருப்பினேன். உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல் ஒவ்வொன்றாக மூடியது. நான் இன்னும் விடவில்லை.

"பிடிச்சிட்டேன்," என்றாள்.

பிறகுதான் விட்டேன்.